அறுபத்தைந்துக்குள் புகை

ஜூன் 2, திங்கள்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் வருகின்றன. கோட்டின் மேல் உட்காரச் சொன்னால் சிலது கீழே இறங்கிவிடுகிறது. நாற்பத்தைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, பேனாவையும் அதே போல இறுக்கிப் பிடிக்கிறது. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனாலும் இது நான் எழுதியது. இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எல்லாம் வாயில் வருகிறது.

என் பெயர் கோமதிநாயகம். வயது எழுபத்தொன்று. எழுத்தறிவு வகுப்பில் தேறியவர்களுக்கு செல்வராணி டீச்சர் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார்கள். தினமும் நடந்ததை எழுதி சனிக்கிழமை காட்ட வேண்டும். "என்ன எழுதினீங்கன்னு கேக்க மாட்டேன் தாத்தா, எழுத்த மட்டும்தான் பாப்பேன்" என்றார்கள். எழுத்தை மட்டும் எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் கண்ணில் படுகிற எழுத்து எதுவானாலும் தானாகவே வார்த்தையாகிவிடுகிறது.

இன்று நடந்தது: என் வண்டி புகை டெஸ்ட்டில் தோற்றது.

வண்டி தொண்ணூற்றைந்தாம் வருஷத்து டீசல் அம்பாசிடர். தென்காசி வக்கீல் ஐயாவுக்கு இருபத்தாறு வருஷம் அதை ஓட்டினேன். அவர் காலமானதும் வீட்டார் அதை என் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆர்.சி. புத்தகம் இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் எஃப்.சி., அதாவது வண்டிக்குத் தகுதிச் சோதனை, காட்டினால் இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஓட்டலாம். எஃப்.சி.க்குப் போக முதலில் புகைச் சான்று வேண்டும்.

பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஒரு சின்ன அறை. வாசலில் "புகைப் பரிசோதனை நிலையம்" என்று எழுதியிருக்கிறது. போன தடவை வந்தபோதும் அது இருந்திருக்கும். இன்றுதான் படித்தேன். உள்ளே போகாமல் நின்று மூன்று தடவை படித்தேன். அங்கே வேலை பார்க்கும் தங்கபுஷ்பம் சைலன்சரில் குழாயைச் செருகிவிட்டு, "மிதிங்க தாத்தா, நல்லா மிதிங்க" என்றாள். மிதித்தேன். பின்னால் ஒரு கரும் மேகம் எழுந்தது. கம்ப்யூட்டரில் எண்பத்தொன்று என்று வந்தது. அறுபத்தைந்துக்குள் இருக்க வேண்டுமாம்.

"மைதீன் அண்ணன்ட்ட காமிங்க. சரி பண்ணிட்டு ஒரு நாள் காலைல வாங்க, இங்க மதியம் ஒரு மணி வரைக்கும்தான்" என்றாள்.

ஓசூரிலிருந்து மகன் பேசினான். "முப்பதாம் தேதிக்குள்ள ஆகலன்னா எடைக்குப் போட்டுருங்கப்பா. அத வச்சிக்கிட்டு எங்க போகப் போறீங்க?" என்றான். போனை வைத்துவிட்டேன். சிக்னல் சரியில்லை.

ஜூன் 3, செவ்வாய்

மைதீன் பட்டறை கடையநல்லூர் போகும் வழியில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர். இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அதுதான் மேலாக இருந்தது.

மைதீனுக்கு ஐம்பது வயது இருக்கும். தனி ஆளாகத்தான் வேலை பார்க்கிறான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். வேறு மிஷின் எதுவும் கிடையாது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் டீசல் பம்ப் ரிப்பேர் என்றால் அந்தக் காதுதான்.

"மூணாவது நாசில் டீசலத் தூவ மாட்டேங்குது அண்ணாச்சி, மூத்திரம் பெய்யுது" என்றான்.

வேப்பமரத்தடியில் ஒரு பழைய பஸ் சீட்டைப் போட்டு வைத்திருக்கிறான். அதில் மினி பஸ் முதலாளி சண்முகவேல் உட்கார்ந்திருந்தார். அவருடைய பஸ் பம்ப் மேஜையில் கிடந்தது.

"யாரு, வக்கீல் டிரைவரா? ஆளு இன்னும் இருக்கீரா?"

"இருக்கேன்."

"வண்டியும் இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டுல எதுக்குவே எஃப்.சி.?"

மைதீன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து வெகு நாள் ஆகியிருக்க வேண்டும். தாடை வலித்தது.

நாசில்களைக் கழற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பியிருக்கிறான். பெருநாள் கழிந்துதான் வருமாம். "அதுவரைக்கும் சும்மா அலையாதீங்க அண்ணாச்சி" என்றான்.

ஜூன் 4, புதன்

வண்டி பட்டறையில் நிற்கிறது. பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வெளியில் நிற்கும் வண்டியை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். காலை பத்து மணியிலிருந்து சாயந்திரம் ஐந்து வரை பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

பட்டறை லீவு. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 7, சனி

பக்ரீத். மைதீன் பைக்கில் வந்து தூக்குச்சட்டியில் பிரியாணி கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே வா என்றேன். "இன்னும் ஏழு வீடு இருக்கு அண்ணாச்சி" என்று வண்டியை விட்டு இறங்காமலே திரும்பினான்.

இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்கு இருந்தது. என் மனைவி ஆவுடை இறந்து அடுத்த மாதம் வந்தால் மூன்று வருஷம். மதியம் பாதி சாப்பிட்டேன், மீதிப் பாதி இரவுக்கு, அதுவும் எனக்கே. நல்ல ருசி.

டீச்சர் நோட்டைப் பார்த்தார்கள். "பிரியாணி" சரியாக எழுதியிருக்கிறேனாம்.

ஜூன் 10, செவ்வாய்

நாசில் வந்துவிட்டது. நாலையும் மாட்டி, ஏர் பில்டரைக் கழுவி, கடைசியில் டீசல் ஸ்க்ரூவுக்கு வந்தான். இதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும், டீச்சருக்குத் தெரியாது. பம்பின் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ உண்டு. இன்ஜினுக்கு எவ்வளவு டீசல் போகலாம் என்பது அதன் கையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றம் வரும் முன் டிரைவர்கள் எல்லோரும் வண்டியை ஓரம் கட்டி, அதைக் கால் சுற்று உள்ளே கொடுப்போம். டீசல் அதிகம் இறங்கும், வண்டி இழுக்கும், பின்னால் கரும் புகை தள்ளும். மலை இறங்கியதும் பழையபடி வைத்துவிடுவோம். முதலாளிமாருக்கு இது தெரியாது.

மைதீன் அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நிறுத்தினான். வெள்ளைத் துணி ஒன்றைச் சைலன்சர் வாயில் பிடித்து ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னான். துணியில் லேசாகச் சாம்பல் நிறம், அவ்வளவுதான்.

"கேக்குதா அண்ணாச்சி? தறி மாதிரி ஓடுது. காலைல காமிச்சிருங்க. அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு நீங்க இந்தப் பக்கம் எட்டியே பாக்க வேண்டாம்."

நல்ல செய்திதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஐந்து வருஷம்.

ஜூன் 11, புதன்

எழுபத்தாறு. மறுபடியும் தோல்வி.

போகும் வழியில் குளத்துக் கரையில் வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஓர் இடத்துக்குப் போகும் முன் வண்டியை ஒரு தடவை பார்ப்பது டிரைவர் வழக்கம். கையில் டீசல் பட்டுவிட்டது, குளத்தில் கழுவினேன்.

டெஸ்ட் முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனேன். மைதீன் நம்பவில்லை. "அந்தப் பொண்ணு மிசினுல கோளாறு இருக்கும்" என்றான். எனக்கு அடுத்து வந்த வேனுக்கு நாற்பது காட்டியதைச் சொன்னேன். நடந்ததைத்தான் சொன்னேன்.

"என்ன மைதீன், வக்கீல் வண்டி உனக்கே வாய்தா போடுது?" என்றார் சண்முகவேல்.

இன்று பட்டறையில் சுக்குக் காப்பி. மூன்று பேருக்கும் சேர்த்து வாங்கினார்கள். 'மூன்று பேருக்கும்' என்று எழுதுவது எளிது. ஒரு எழுத்தும் கீழே இறங்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

லீவு.

ஜூன் 14, சனி

எழுபத்தெட்டு. பட்டறையில் இன்று உளுந்தவடை.

ஜூன் 15, ஞாயிறு

மகன் பேசினான். வண்டி என்ன ஆயிற்று என்று கேட்டான். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றேன். பேசி முடித்தபின் போனை மேஜையில் வைத்தேன். எவ்வளவு நேரம் பேசினோம் என்று அது காட்டுகிறது. இரண்டு நிமிடம் பத்து நொடி. எண் எனக்கு முன்பே தெரியும். 'நிமிடம்' என்பதை இன்றுதான் அதில் படித்தேன்.

காற்று அதிகம். சாரல் வரும் போலிருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

எண்பது.

 மைதீன் பானெட்டைத் திறந்து ஸ்க்ரூவையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் கேட்டான்.

"அண்ணாச்சி, சனிக்கிழம நான் இத எங்க வச்சேன்? இந்த இடமா?"

"எனக்கு ஞாபகமில்ல மைதீன்."

"எனக்கும் இல்ல" என்றான். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்தான். எடுத்தான். மற்றக் காதில் வைத்தான். சண்முகவேல் ஏதோ கேலி பேசினார். அவன் சிரிக்கவில்லை. சாயந்திரம் ஒரு வழியாகச் சரி செய்து, "இன்னொரு தடவ பாருங்க" என்று மட்டும் சொன்னான்.

இன்று டீ வந்தது. நான் குடிக்கவில்லை. 

ஜூன் 19, வியாழன்

வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் பட்டறைக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. சண்முகவேல் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் அவருடைய பம்ப், சாக்கில் சுற்றி.

"ஆளு திருநெல்வேலிக்குப் போயிருக்கான். காது டாக்டர்ட்ட" என்றார்.

"காதுக்கு என்ன?"

"உம்ம வண்டிதான்வே. மூணு தடவ கேட்டு வச்சும் தப்பிப் போச்சுல்லா. 'எனக்குக் காது போச்சு, இனி ஒருத்தன் பம்பத் தொட மாட்டேன்'ன்னு நேத்து எம் பம்பத் திருப்பிக் கொடுத்துட்டான். நானும் கேலியாத்தான் நெனச்சேன். கண்ணு கலங்கிட்டு அவனுக்கு."

பூட்டியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவங்க அப்பாவும் மெக்கானிக்குதான், தெரியும்லா? அவருக்கும் அம்பது வயசுலதான் காது அடைச்சிச்சு. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் டீக்கடைல கிளாஸ்தான் கழுவுனாரு. இவனுக்கு அந்தப் பயம்."

அடுத்த பஸ் வர ஒரு மணி நேரம் இருந்தது. நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

லீவு. ஆனால் இன்று எழுத இருக்கிறது.

நான் பானெட்டைத் திறந்து சும்மா பார்க்கவில்லை. குளத்துக் கரையில் வைத்து டீசல் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே கொடுத்தேன். பதினொன்றாம் தேதி, பதினான்காம் தேதி, பதினேழாம் தேதி. மூன்று தடவை. இரண்டாம் தேதி டெஸ்ட்டில் மட்டும்தான் வண்டி தானாகத் தோற்றது.

யாருக்கும் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. வண்டி தோற்றால் பட்டறைக்குப் போகலாம். பட்டறைக்குப் போனால் "வாங்க அண்ணாச்சி" என்பான். சண்முகவேல் ஏதாவது சொல்லிச் சீண்டுவார். அவ்வளவுதான் நினைத்தேன். முப்பதாம் தேதிக்கு இரண்டு நாள் முன்பு ஸ்க்ரூவைத் தொடாமல் போய்ச் சான்று வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். இடையில் மைதீனுக்கு என்ன ஆகும் என்பது என் கணக்கில் வரவில்லை. அவன் தன்னைச் சந்தேகப்படுவானே தவிர என்னைச் சந்தேகப்பட மாட்டான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் செய்தேன்.

இதை எழுதக் காலையிலிருந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. டீச்சர் படிப்பார்கள். படிக்கட்டும். ஆனால் இதை முதலில் கேட்க வேண்டியது டீச்சர் இல்லை.

ஜூன் 21, சனி

காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மைதீன் கதவைத் திறந்து வைத்துவிட்டு வேலை எதுவும் செய்யாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சண்முகவேலும் இருந்தார். அவர் இல்லாத நேரமாகப் போயிருக்கலாம். அவர் முன்னால் சொல்வதுதான் சரி என்று பட்டது.

"மைதீன், உன் காதுல ஒண்ணுமில்ல" என்றேன்.

"டாக்டரும் அதான் சொன்னாரு. பொட்டிக்குள்ள உக்கார வச்சு பீப் பீப்னு சத்தம் போட்டுப் பாத்துட்டு, இருபது வயசுக்காரன் காதுன்னாரு. அப்ப எனக்கு மூளைலதான் ஏதோ ஆயிருக்கு அண்ணாச்சி."

"அதுலயும் ஒண்ணுமில்ல. டீசல் ஸ்க்ரூவத் திருப்புனது நான்."

"எப்ப?"

"மூணு தடவயும். குளத்துக் கரைல வச்சு. கால் சுத்து."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "எதுக்கு?" என்றான்.

வீட்டில் எல்லாம் எழுதிப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. மரத்தடி பஸ் சீட்டைக் கையால் காட்டினேன்.

"என்னவே, என்னயக் காட்டுதீரு?" என்றார் சண்முகவேல்.

"சீட்டத்தான் காட்டுதேன். டெஸ்ட்டு பாஸாயிட்டா இங்க வாரதுக்கு எனக்குச் சோலி இல்ல" என்றேன்.

 மைதீன் எழுந்தான்.

"நான் நாலு நாளாத் தூங்கல. வீட்ல ரெண்டு பொட்டப் புள்ளய நிக்குது, இத விட்டா எனக்கு என்ன தெரியும்னு எம் பொண்டாட்டிட்ட பொலம்பிக்கிட்டுக் கெடந்தேன். நீங்க இங்க உக்காந்து வடை தின்னுக்கிட்டு இருந்திருக்கீங்க."

"ஆமா" என்றேன். அது உண்மைதான்.

பானெட்டைத் தூக்கினான். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து இன்ஜினை ஓடவிட்டான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்க்ரூவை நிறுத்தி, மேலே கம்பி சுற்றி ஈயத்தால் சீல் வைத்தான். இனி அதை உடைக்காமல் யாரும் திருப்ப முடியாது.

"பெரியவரே, திங்கக்கிழம காமிங்க. வண்டிய எடுங்க, மத்த வண்டி வரணும்" என்றான்.

மற்ற வண்டி எதுவும் வரவில்லை. வழி கேட்டு வருகிறவர்களைத்தான் அவன் பெரியவரே என்று கூப்பிடுவான்.

நான் வண்டியைத் திருப்பும்போது சண்முகவேல், "ஏடே மைதீன், எம் பம்ப இப்பமாவது தொடுவியா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "கொண்டாரும்" என்றான். அது போதும்.

சாயந்திரம் டீச்சரிடம் நோட்டைக் கொடுத்தேன். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்கள். "கோடு நேரா வர ஆரம்பிச்சிருக்கு தாத்தா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஜூன் 23, திங்கள்

ஐம்பத்திரண்டு. பாஸ்.

குளத்துக் கரையில் நிற்கவில்லை. தங்கபுஷ்பத்துக்கு ரொம்பச் சந்தோஷம். அவளே மைதீனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "அண்ணே, தாத்தா வண்டி அம்பத்திரண்டு." அந்தப் பக்கம் பட்டறைச் சத்தம் கேட்டது. ஏதோ இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மைதீன் "சரிம்மா" என்று வைத்துவிட்டான்.

சான்றிதழைக் கையில் வாங்கி, வண்டிக்குள் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். 'மாசு' என்ற சொல்லை முதல் தடவை படிக்கிறேன்.

ஜூன் 25, புதன்

எஃப்.சி. முடிந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து, ஹாரன் அடிக்கச் சொல்லி, லைட் போடச் சொல்லி, கையெழுத்துப் போட்டார். பாரத்தில் என் கையெழுத்துக்கு இடம் இருந்தது. கிளார்க் மை டப்பாவைத் தள்ளினார். வண்டியை என் பெயருக்கு மாற்றியபோது வைத்த கைநாட்டைப் பார்த்திருப்பார். பேனா கேட்டேன். கோமதிநாயகம் என்று முழுப் பெயரையும் எழுதினேன். பின்னால் ஏழு பேர் நின்றார்கள். யாருக்காகவும் அவசரப்படவில்லை.

வெளியே வந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மகனுக்குப் போட்டேன். மீட்டிங்கில் இருப்பதாக மெசேஜ் வந்தது. அதைப் படிக்க முடிந்தது.

ஜூன் 28, சனி

இன்னும் ஐந்து வருஷத்துக்கு வண்டி ஓடும். இன்று காலை கழுவித் துடைத்து வெளியே எடுத்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை. மெயின் ரோடு முக்கு வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

நாற்பத்தைந்து வருஷமாக நான் போன இடமெல்லாம் பின் சீட்டில் இருந்தவர் போக வேண்டிய இடம். அவர் உள்ளே போவார். நான் வண்டியோடு வெளியில் நிற்பேன். கோர்ட்டு, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, எல்லாவற்றின் வாசலும் எனக்குத் தெரியும். நீ எதற்கு வந்தாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை. வண்டியைப் பார்த்தாலே தெரியும். ஆவுடையைப் பெண் பார்க்கப் போனதுகூட ஒரு சவாரி போன வழியில்தான்.

எனக்காக மட்டும் ஓர் இடத்துக்குப் போவது எப்படி என்று இந்த வயதில் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு வகுப்பு எதுவும் இல்லை.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போகப் போகிறேன். வண்டி வீட்டிலேயே நிற்கட்டும். பத்து மணி பஸ்ஸில் போவேன். "வண்டிக்கு என்ன?" என்று மைதீன் கேட்பான். "வண்டிக்கு ஒண்ணுமில்ல, நான்தான் வந்தேன்" என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது. எழுதுவதற்கு அவ்வளவு இல்லை.

அவன் பேசாமலும் இருக்கலாம். பெரியவரே என்று சொல்லி அனுப்பியும் விடலாம். அப்படியானால் அடுத்த பஸ் வரும் வரை ரோட்டோரம் நின்றுவிட்டு வந்துவிடுவேன், செவ்வாய்க்கிழமை திரும்பவும் போவேன். உட்காரச் சொன்னானா இல்லையா என்பதை அடுத்த வாரம் இந்த நோட்டில் எழுதிவிடுகிறேன். இல்லை என்றாலும் இல்லை என்றே எழுதுவேன்.